மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்

கமலாக்காவுக்குச் சபையில் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும். சாப்பாடு, நித்திரை, சுகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். டென்மார்க்கில், இந்த விபோர்க் நகரத்தில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவருடைய முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. நான் விஜிதா. அவரோடு ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே சலவை அறையில் வேலை செய்கிறேன். நான் மட்டக்களப்பு, அவர் யாழ்ப்பாணம். அதை நாளுக்கு ஒரு தடவையாவது அவர் எனக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் அன்றைக்கு எங்கள் அறையில் துணி வெளுக்காது.

மனுசியைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வராது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க நின்றவர். எங்கள் இல்லத்துக் கிழவர்கள் படுக்கையை நனைத்துவிட்டு வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கமலாக்கா போனால், பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாதபடி அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "பாவமப்பா, வயசு போனாலும் மானம் போறதோ?" என்பார். மானம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்காத நாளில்லை.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கமலாக்கா ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருடைய கணவர் தேவராசா அண்ணையின் சகோதரிகள் படித்தவர்கள். கலியாணமான நாளிலிருந்து இதைக் குத்திக் குத்தியே காட்டினார்கள். அதிலும் கொப்பன்ஹேகன் பக்கம் புரொண்பியில் இருக்கிற மச்சாள் இருக்கிறாவே, அவ ஒரு தனிப் பிறவி. "மச்சாளுக்கு மருந்துப் போத்தலில இருக்கிற இங்கிலீசை வாசிச்சுச் சொல்லுங்கோவன்" என்று பந்தியில் வைத்துச் சொல்லிச் சிரித்தவ. ஒரே பிள்ளை மிதுஷா பிறந்தவுடனேயே கமலாக்கா முடிவெடுத்துவிட்டார், இவள் டொக்டர் என்று.

மிதுஷா கெட்டிக்காரி. ஓகுஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. கமலாக்கா அன்றைக்கு விபோர்க் முழுக்க லட்டுக் கொடுத்தாராம், புரொண்பிக்குப் பார்சலும் அனுப்பினாராம். நான் அப்போது ஸ்கீவ என்ற பக்கத்து ஊரில் இருந்தேன். குடும்பத்தோடு விபோர்க்குக்கு மாறி வந்து, அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பியோடு நீளப் பின்னல் போட்ட பிள்ளையின் படம் சுவரில் தொங்கியது. மிதுஷாவை நான் படத்தில்தான் பார்த்தேன். ஏனென்றால், பிள்ளை லண்டனில் மேற்படிப்புப் படிக்கிறாள் என்று கமலாக்கா சொன்னார்.

கேட்டவருக்கும் சொன்னார், கேட்காதவருக்கும் சொன்னார். லண்டனில் மழையாம். பிள்ளைக்குத் தடிமனாம், தும்மலாம். பேராசிரியர் கூப்பிட்டுப் புகழ்ந்தாராம். விபோர்க்கில் மழை பெய்யுமா என்று எனக்குத் தெரியாத நாட்களில்கூட லண்டன் வெயில் மழை எல்லாம் எனக்கு அத்துப்படி.

உண்மை என்னவென்றால், மிதுஷா இரண்டாம் வருடமே படிப்பை விட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துச் சொச்சத்தில் போய்ச் சேருகிற அதே ஓகுஸில்தான் இருந்தாள். காலையில் ஒரு வெதுப்பகத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. சோல் என்று ஒரு வகைப் பாட்டாம். அமெரிக்கக் கறுப்பினச் சனம் தேவாலயத்தில் பாடியதிலிருந்து வந்தது, நெஞ்சுக்குள் கிடக்கிறதை இழுத்து வெளியே போடுகிற பாட்டு என்று என் மகள் றொஷானிதான் எனக்குப் பிறகு விளங்கப்படுத்தினாள். கமலாக்கா பிள்ளையை அடிக்கவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பாராம். வீட்டுக்கு வரட்டுமா என்று அவள் கேட்டால் மட்டும், "இப்ப வேண்டாம் பிள்ளை, சனம் வந்து போற நேரம்" என்று சொல்லிவிடுவாராம்.

அந்தப் பிள்ளை ஒரு பாட்டெழுதி, தானே பாடி, இணையத்தில் போட்டாள். டெனிஷ் மொழியில். ஒரு ஓர்கன், அவளுடைய குரல், அவ்வளவுதான். அவளுடைய சிநேகிதர்களைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. தாய்க்கும் அனுப்பினாள். கமலாக்கா தொடக்கத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதென்ன செத்தவீட்டு அழுகை மாதிரி" என்று நிற்பாட்டிவிட்டார்.

சில வருடம் கழித்து, கொப்பன்ஹேகன் பையன்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு வாத்தியக் குழு, ஏதோ ஒரு கஃபேயில் அவள் அதைப் பாடக் கேட்டுவிட்டு, நாங்கள் இதை எடுத்துப் பாடலாமா என்று கேட்டிருக்கிறது. துள்ளல் தாளம் போட்டு, ட்ரம்பெட் ஊதி, ஒரு சரணத்தைக் குறைத்து, கைதட்டிக் கைதட்டிப் பாடினார்கள். பிறகென்ன, அந்தக் கோடை முழுக்க நாட்டில் வேறு பாட்டு இல்லை. பஸ்ஸில் அது, கடையில் அது, எங்கள் சலவை அறை ரேடியோவில் அது. இல்லத்துக் கிழவிகள் கரண்டியால் மேசையில் தட்டித் தாளம் போட்டார்கள். "ஹில்ஸ் டின் டாட்டர்" என்று அதன் பல்லவி தொடங்கும். நாங்கள் விடைபெறும்போது சொல்வோமே, "உங்கட மகளைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்று, அதேதான் பொருள்.

ஒருநாள் காலை ரேடியோவில் அறிவிப்புச் செய்கிறவர், இந்தப் பாட்டை முதலில் எழுதிப் பாடியது மிதுஷா தேவராசா என்று நாக்குத் தடக்கத் தடக்கச் சொன்னார். கமலாக்காவின் கையிலிருந்த போர்வை நிலத்தில் விழுந்தது.

"விஜி! கேட்டனீரோ? என்ர பிள்ளை! அது என்ர பிள்ளையின்ர பாட்டப்பா!"

மறுநாளே லட்டு வந்துவிட்டது. டெனிஷ்காரருக்கு ஒரு பெட்டி, எங்களுக்கு ஒரு பெட்டி. "லண்டனில படிச்சுக்கொண்டே எழுதியிருக்கிறாள், பாருமன்!" என்றார்.

"பாட்டில என்னக்கா சொல்லுது?" என்று நான் கேட்டேன்.

"மகளைப் பற்றித்தான் வருது. பாசம், வேறென்ன. என்னை நினைச்சுத்தான் எழுதியிருப்பாள்."

நான் நம்பினேன். எங்கள் இருவரின் டெனிஷும் வேலைக்களத்து டெனிஷ். படுக்கை, குளியல், கோப்பி, நோகுதா, நோகேல்லையா. பாட்டில் வருகிற டெனிஷ் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்விடும். பல்லவி மட்டும்தான் கையில் அகப்படும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவராசா அண்ணையின் தம்பி மகள் ஜெனுஷாவுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான விழா, வந்தது. புரொண்பி மச்சாள், மற்ற மச்சாள்மார், ஊர்ச்சனம் எல்லாம் ஒரே மண்டபத்தில். இதைவிட நல்ல நேரம் வருமா? கமலாக்கா மகளுக்குப் போன் எடுத்தார். "வா பிள்ளை. எல்லாரும் உன்னைப் பார்க்கவேணும்." எத்தனை வருடத்துக்குப் பிறகு!

பிள்ளை வந்தாள். மயிரைக் கட்டையாக வெட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய சேலையை ஊசிகளின் தயவில் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கோ கண்ட முகம் மாதிரி எனக்குப் பட்டது. படத்தில் பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன். எங்கள் மேசையில், றொஷானிக்குப் பக்கத்தில் இருந்தாள். கமலாக்கா வந்து தோளைத் தடவினார். அப்போது அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, பாட்டை முழுக்கக் கேட்டனீங்களோ?"

"கேளாமல்? நித்தம் கேக்கிறன். கேட்டாப்பிறகுதானே உன்னை வரச்சொன்னனான்."

பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. கமலாக்கா போனபிறகு றொஷானியிடம் டெனிஷில் ஏதோ சொன்னாள். என்னவென்று நான் மகளைக் கேட்டேன். "எல்லாத்தையும் கேட்டும், எல்லாருக்கும் முன்னால வரச்சொல்லியிருக்கிறாவாம். அதுவே தனக்குப் போதுமாம்" என்றாள் றொஷானி. எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. தாய் நாலு பேருக்கு முன்னால் இது என் பிள்ளை என்று சொல்லவேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அதற்காகத்தான் அவள் இவ்வளவு காலமும் காத்திருந்திருக்கிறாள். அது மட்டும் அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆலாத்தி முடிந்தது, வீடியோக்காரர் எல்லாரையும் ஒரு சுற்றுப் படுத்தி முடித்தார். கமலாக்கா மைக்கை வாங்கிக்கொண்டு மகளை மேடைக்குக் கூப்பிட்டார். பட்டுச் சேலை சரசரக்க நின்று, மகளின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் ரேடியோவில கேக்கிற பாட்டு இவ எழுதினதுதான். எங்கட ஒரே பிள்ளை மிதுஷா. ஜெனுஷான்ர விழாவுக்கெண்டே லண்டனிலயிருந்து இண்டைக்கு விடியத்தான் வந்து இறங்கினவ!"

சனம் கைதட்டியது. பிள்ளையின் சிரிப்பு முகத்திலேயே செத்துப்போனது. கையை மெல்ல இழுத்தாள், கமலாக்கா விடவில்லை. பாட்டுப் போடுகிறவர், அந்த ரேடியோப் பாட்டைப் போடட்டோ என்று கீழேயிருந்து கேட்டார்.

"அந்த வெள்ளைப் பொடியளின்ரை என்னத்துக்கு? என்ர பிள்ளை தன்ர குரலில முதல் பாடினது இணையத்தில கிடக்கு. அதைப் போடுங்கோ!"

"அம்மா, வேண்டாம்" என்றாள் மிதுஷா. மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் மண்டபத்துக்கே கேட்டது.

"வெக்கப்படுறா!" என்று கமலாக்கா சொல்லிச் சிரித்தார். சனமும் சிரித்தது.

பாட்டுத் தொடங்கியது. இளசுகள் ஆடுவதற்கு எழும்பி, கையைத் தூக்கி, அப்படியே நின்றன. தாளம் வரவில்லை. ஓர்கன் மட்டும் மெதுவாக இழுத்தது, அதன்மேல் அந்தக் குரல். அவர்களுக்கு மனப்பாடமான வரிகள்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, ஆற அமர விழுந்தது. பிறகு, ரேடியோவில் அவர்கள் ஒருநாளும் கேட்டிராத சரணம் வந்தது. அந்தச் சரணத்தில் ஒரேயொரு தமிழ்ச் சொல் இருந்தது, "அம்மா" என்று. அதைக் கேட்டதும் பெரியவர்களுக்கு உருகிவிட்டது. புரொண்பி மச்சாள்கூடக் கண்ணைத் துடைத்தா. இளசுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, பிறகு நிலத்தைப் பார்த்தன. என் றொஷானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி? என்ன சொல்லுது?" என்று அவளை உலுக்கினேன்.

அவள் எனக்குக் காதுக்குள் சொன்னாள், வரி வரியாக. சனிக்கிழமைச் சந்தை. நீ வெண்டிக்காயின் நுனியை முறித்து முறித்துப் பார்க்கிறாய். பக்கத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட உன் சிநேகிதி. நான் அம்மா என்றேன். தள்ளுவண்டியோடு வழியை மறிக்கிற ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய். சிநேகிதி யாரென்று கேட்டாள். யாரோ, தெரியாது என்றாய். உன் மகள் எப்படி என்று கேட்டாள். அவள் லண்டனில், அங்கே மழையாம் என்றாய். அப்படியென்றால் அந்த மகளை நானும் கேட்டதாகச் சொல்லு, அம்மா.

அந்த மஞ்சள் ஜாக்கெட் இப்போதும் என் அலுமாரியில் தொங்குகிறது. ஓகுஸ் சந்தைக்கு நாங்கள் இருவரும் மரக்கறி வாங்கப் போன நாள். கட்டை மயிரோடு ஒரு பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். "ஆரக்கா இது?" என்று கேட்டது நான்தான். "ஆரோ, ஆள்மாறி நினைச்சிட்டுது போல" என்றார் கமலாக்கா. நான் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு லண்டன் பிள்ளையைச் சுகம் விசாரித்தேன். "மிதுஷாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றும் சொன்னேன். அவளுக்கு முன்னாலேயே! ஐயோ, நாடே ஆடிப் பாடின பல்லவி என் வாயிலிருந்து வந்த மரியாதைப் பேச்சு. எனக்கு மேசைக்குக் கீழே போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நிமிடம் வந்தது பாருங்கள் ஒரு கோபம், பெத்த பிள்ளையைத் தெரியாதென்று சொல்ல ஒரு தாய்க்கு நாக்கு எப்படி எழும்பும் என்று!

பாட்டு முடிந்தது. பெரியவர்கள் கைதட்டினார்கள். "சிரி பிள்ளை, வீடியோ ஓடுது" என்றார் கமலாக்கா. மிதுஷா தாயை ஒரு பார்வை பார்த்தாள். தாய்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அவர் அதை ஒருநாளும் முழுதாகக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையை உருவிக்கொண்டு இறங்கி வாசலால் வெளியே போய்விட்டாள்.

பிறகு நடந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மேசை மேசையாகப் பிள்ளைகள் தாய்மாரின் காதில் குனிந்தார்கள். கைதட்டின கைகள் மடியில் இறங்கின. புரொண்பி மச்சாளின் மகன் அவவின் காதில் சொல்லி முடித்தான். மச்சாள் கண்ணீர் துடைத்த லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. பிறகு மேடையைப் பார்த்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கமலாக்கா எத்தனையோ பந்தியில் கண்டவர். மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"என்ன விஜி? ஏன் எல்லாரும் என்னைப் பாக்கினம்?"

"வெண்டிக்காய் வாங்கப் போனமே, ஓகுஸுக்கு. ஒரு பிள்ளையைத் தெரியாதெண்டனீங்களே. அதெல்லாம் பாட்டில இருக்கக்கா. வாய் கூசாமல் என்னட்டையும் சொன்னீங்களே லண்டன் எண்டு!"

மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சத்தியமாக எனக்கு அது தெரியாது. என் குரல் மண்டபமெல்லாம் கேட்டது. தேவராசா அண்ணை எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தார். கமலாக்கா மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

கார் நிற்பாட்டுகிற இடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. மிதுஷா வீதிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். கமலாக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவளை மறித்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி இல்லை.

"சனத்துக்கு முன்னால என்னை நாறடிச்சுப்போட்டாய்! பெத்த தாயைப் பற்றி இப்பிடி எழுத உனக்கு வெக்கமில்லையோ?"

"நீங்கள் அதைக் கேட்டிட்டுத்தான் கூப்பிட்டனீங்கள் எண்டு நினைச்சன் அம்மா."

"நான் கேட்டது ரேடியோவில வாறதை! அதில இந்தக் கதை ஒண்டும் இல்லையே!"

"ஓம். அதை எடுக்கச் சொன்னது நான்தான்."

கமலாக்கா தூக்கிப் பிடித்திருந்த சேலையை நழுவவிட்டார்.

"அவங்களுக்கு அந்தச் சரணம்தான் பிடிச்சது. அது இல்லாட்டிப் பாட்டே இல்லையெண்டு என்னோட சண்டை பிடிச்சவங்கள். நான் விடேல்லை." பிள்ளைக்குத் தமிழ் தடக்கித் தடக்கி வந்தது, ஆனாலும் டெனிஷுக்கு மாறவில்லை. "ரேடியோவில போகும். உங்கட வேலையிடத்தில கேப்பினம், மாமிமாரின்ர பிள்ளையள் கேப்பினம். பழையதை ஒருத்தரும் தேடிக் கேக்கமாட்டினம் எண்டுதான் விட்டனான். அம்மாவுக்கு வெக்கமாப் போகும் எண்டு நினைச்சன்."

கமலாக்கா நடைபாதை ஓரத்து ஈரக் கல்லில், அந்தப் பட்டுச் சேலையோடு அப்படியே இருந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கிட்டப் போகவில்லை.

மிதுஷாதான் திரும்பி வந்து பக்கத்தில் குந்தினாள். "எழும்புங்கோ அம்மா, நனையிறீங்கள்" என்று கையைப் பிடித்து எடுக்கப் பார்த்தாள். கமலாக்கா கையை முகத்திலிருந்து எடுக்க விடவில்லை.